தள்ளினால் எடுக்கும் வண்டி

குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆடி மாதக் காலை. லாட்ஜ் வாசலில் ராத்திரியெல்லாம் நனைந்த பழைய அம்பாசடர் நிற்கிறது. சாவியைத் திருகினால் ‘டக்’. மறுபடியும் ‘டக்’. நாலு பேர் இறங்கித் தள்ளினால், இரண்டாம் கியரில் ஒரு குலுக்குக் குலுக்கி எஞ்சின் எடுத்துவிடும். “பேட்டரி போயிட்டுடே” என்று உடனே தீர்ப்பும் வந்துவிடும். பல நேரம் அந்தப் பேட்டரி அப்பிராணி.

செல்ஃப் மோட்டாருக்கும் ஸ்பார்க் தரும் காயிலுக்கும் பேட்டரி ஒன்றுதான். ஆனால் காயில் டம்ளரில் மொள்ளும். மோட்டார் அண்டாவில் மொள்ளும். காயிலுக்கு நாலு ஆம்பியர் போதும், மோட்டாருக்கு 200 ஆம்பியர்கூட வேண்டியிருக்கும். மோட்டார் இழுக்கிற நேரத்தில் 12 வோல்ட் பத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கிவிட்டால் காயிலின் பொறியும் சோனியாகிவிடுகிறது. தள்ளும்போது மோட்டாருக்கு வேலையே இல்லை. காயிலுக்கு முழுப் படி கிடைக்கிறது.

இந்த மோட்டாருக்கும் நம் சீமைக்கும் ஒட்டுறவு உண்டு. டி.வி.எஸ். குழுமத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். இங்கிலாந்தின் லூகாஸும் டி.வி.எஸ்.ஸும் கூட்டுச் சேர்ந்து 1961-இல் உருவான லூகாஸ்-டி.வி.எஸ்., சென்னை பாடியில் செல்ஃப் மோட்டாரும், பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரும் செய்தது.

பழைய வண்டியில் வயர் அறுந்து போவதைவிட, இணைப்பு பூத்துப் போவதே அதிகம். ஒரு முனையில் துரு ஏறி 0.01 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பியர் போகும்போது அங்கேயே 2 வோல்ட் காலி. அதே இடத்தில் டெஸ்ட் லைட்டை வைத்தால் பளிச்சென்று எரியும்; அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டாம். டெஸ்ட் லைட்டை நம்பி மோட்டாரைக் கழற்றி ஏமாந்தவர்கள் நிறைய.

அதிகம் ஏமாற்றுவது, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருப்பதால், வண்டியின் பாடிக்கும் அதற்கும் நடுவே பின்னிய செம்புப் பட்டை ஒன்று இருக்கும். அது கெட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். சோக் கேபிள் சூடேறிப் புகைவதுகூட உண்டு. சோதிக்க, காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த்தில் வைத்து எஞ்சின் எடுக்காமல் செய்யுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனை பேட்டரியின் எர்த் குமிழில், கிளாம்ப்பில் அல்ல. மறுமுனை எஞ்சினின் வெறும் இரும்பில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து முடுக்க வேண்டியதுதான். பழைய ஆங்கிலேய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த்; குமிழைப் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

செல்ஃப் ஜோராகச் சுற்றியும் எடுக்கவில்லையா? டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காயிலின் மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் பாயின்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலின் காந்தப்புலம் சரிந்து, பல்லாயிரம் வோல்ட் பிறக்கிறது. நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் நொடிக்கு 100 பொறி. பாயின்ட் சீக்கிரமே கருகித் தீய்ந்தால் கன்டென்சர் மேல் சந்தேகப்படலாம். சாரல் காலத்தில் முதல் குற்றவாளி ஈரம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பனித்திருக்கும் நீரின் மேல் அந்த வோல்ட் வழிந்து ஓடிவிடும். கிளிப்பை எடுத்து, காய்ந்த வேட்டித் துணியால் துடைத்தாலே பெரும்பாலும் எடுத்துவிடும். உள்சுவரில் பென்சிலால் கிழித்ததுபோல் கருங்கோடு தெரிந்தால் மட்டும் துடைத்துப் பயனில்லை. மூடியையே மாற்ற வேண்டும்.