உடலில் உறங்கும் அம்மாள் வருத்தம்

2009இல் வவுனியா முகாம்களில் பலருக்கு அம்மாள் வருத்தம் எனப்படும் கொப்புளிப்பான் வந்தது. கொப்புளங்கள் காய்ந்த பிறகும் அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. ஹேர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்த அது நரம்பு முடிச்சுகளில் ஒளிந்திருக்கும். வயது ஏறி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாக வெளிவரும்.

சுமார் 125,000 எழுத்துகள் கொண்ட அதன் மரபணுத் தொடர் 1986இல் முழுமையாக வாசிக்கப்பட்டது. மனிதரைத் தாக்கும் ஹேர்பீஸ் வைரஸ்களில் இதன் வகைகளுக்கிடையே வேறுபாடு மிகக் குறைவு. அதனால்தான், 1974இல் யப்பானில் ஒரு குழந்தையிடமிருந்து பெற்ற வைரஸைக் கொண்டு உருவாக்கிய ஓகா தடுப்பூசி பல நாடுகளிலும் பயன்படுகிறது. தடுப்பூசி பெற்ற பிள்ளைக்குக் கொப்புளம் வந்தால், காரணம் எந்த வைரஸ் என்பதை அந்தச் சிறு வேறுபாடுகளே காட்டிக்கொடுக்கின்றன.

உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் எரிவுடன் கொப்புளம் வந்தால், 72 மணித்தியாலங்களுக்குள் வைத்தியரிடம் செல்லுங்கள். மருந்து அப்போதுதான் நன்கு வேலை செய்யும்.