சிகிச்சைக்குப் பின் தோன்றும் சருமத் தடிப்பு

குடலிறக்கம் போன்றவற்றுக்கு ரண சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய அங்கத்தினர் சிலருக்குச் சில நாட்களில் உடம்பிலே சிவந்த தடிப்பும் அரிப்பும் காண்பதுண்டு. ‘மருந்துச் சூடு, தானே தணியும்’ என்று அலட்சியமாக இருப்போர் ஒரு சாரார். அஞ்சி, கொடுத்த மருந்துகள் அனைத்தையும் தாமே நிறுத்திவிடுவோர் மற்றொரு சாரார். இரண்டுமே தீங்கு விளைக்கக் கூடியவை. ஆகவே இத்தடிப்பின் காரணங்களையும், செய்யத்தக்கது, தகாதது ஆகியவற்றையும் இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் கவனிக்க வேண்டியது, தடிப்பு எங்கே இருக்கிறது என்பது. காயத்தின்மேல் ஒட்டிய பிளாஸ்திரியின் அளவுக்கும் வடிவத்துக்கும் ஏற்பச் சதுரமாகச் சிவந்திருந்தால், அப்பசையே சருமத்துக்கு ஒவ்வவில்லை எனக் கொள்ளலாம். அயோடின் முதலிய சுத்திகரிப்பு மருந்துகளும், காயத்துக்குப் பூசும் நியோமைசின் களிம்பும் சிலருக்கு இவ்வாறு செய்யும். டாக்டரிடம் காட்டி வேறு வகைக் கட்டுப் போட்டுக்கொண்டால் பெரும்பாலும் குணமாகும். நெடுநேரம் படுத்திருந்ததால் முதுகில் மட்டும் சிறு பொரிகள் கண்டால் அது வேர்க்குருவாக இருக்கலாம். ஆனால் காயத்தைச் சுற்றிச் சிவப்பு நாளுக்கு நாள் பரவி, சூடும் வலியும் மிகுந்து, சீழோ காய்ச்சலோ கண்டால் அது ஒவ்வாமை அன்று. காயத்தில் கிருமி புகுந்ததன் அறிகுறியாகும். அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவது, தடிப்பு எப்பொழுது தோன்றியது என்பது. உட்கொண்ட மருந்தினால் வரும் தடிப்பு மார்பு, வயிறு, முதுகு என உடலெங்கும் பரவும். ஊசி போட்ட சில நிமிஷங்களிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளோ காணாக்கடிபோல் வீங்கி எழுவது ஒருவகை. பெனிசிலின் போன்ற மருந்தைத் தொடங்கி நாலு நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் மெல்லச் சிவந்து பரவுவது மற்றொரு வகை. இவற்றுள் முன்னதே உடனடி அபாயம் உடையது.

காணாக்கடியோடு உதடும் நாக்கும் வீங்குதல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. 108 வண்டியை அழைக்க வேண்டும். நோயாளியை நடக்கவிடாமல் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி வைக்கவேண்டும். மூச்சு முட்டினால் சாய்த்து உட்கார வைக்கலாம். அந்நிலையில் உயிர்காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே. வாய்வழி மாத்திரை அதற்கு ஈடாகாது. அவ்வாறே, தடிப்போடு காய்ச்சலும், வாயிலும் கண்ணிலும் புண்ணும், தோல் கொப்புளித்து உரிவதும் கண்டால் அதுவும் உயிருக்கு ஆபத்தானது. இந்நோயை 1922-ல் ஸ்டீவென்ஸ், ஜான்சன் என்னும் இரு அமெரிக்க வைத்தியர்கள் விவரித்தனர். சல்பா மருந்துகளும், வலிப்புக்கான சில மருந்துகளும் இதனை உண்டாக்கக்கூடும். மருந்தை நிறுத்திவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

இவ்வறிகுறிகள் இல்லாத சாதாரணத் தடிப்பாயின், அடுத்த வேளை மருந்தை உட்கொள்ளும் முன்பே டாக்டரைக் கேட்டுக்கொள்வது முறை. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவரே முடிவு செய்யட்டும். அதுவரை குளிர்ந்த நீரில் நனைத்த தூய துணியை, காயத்தில் படாமல், அரிக்கும் இடத்தில் வைக்கலாம். தளர்ந்த பருத்தி ஆடை உடுத்தலாம். தையலின்மேல் மஞ்சளோ, வேப்பிலை அரைப்போ, சுண்ணாம்போ தடவுதல் கூடாது. கடையில் தாமே கேட்டு வாங்கும் ஸ்டீராய்டுக் களிம்பும் ஆகாது. அது கிருமியின் வேகத்தை மறைத்துவிடும். அரிப்புக்குத் தரும் மாத்திரைகளுட் சில தூக்கம் வருவிப்பவை. அவற்றை உண்ட வேளையில் விசைத்தறி முன் நிற்பதும், பம்புசெட்டைத் தொடுவதும் தவிர்க்கத்தக்கவை.

நம்மவர்க்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம். சாயத் தொட்டியில் கையிடுவோர்க்கும், பூச்சிமருந்து தெளிப்போர்க்கும், வயலில் பார்த்தீனியச் செடி பிடுங்குவோர்க்கும் அத்தொழிலினாலேயே தடிப்பு வருவதுண்டு. ஆகவே தமது தொழில் இன்னது என்பதை டாக்டரிடம் தவறாது சொல்ல வேண்டும். இல்லையேல் குற்றமற்ற மருந்தின்மீது பழி விழும். மெய்யான காரணமோ மறைந்தே இருக்கும்.

முடிவாக, ‘எனக்கு ஊசி ஒத்துக்கொள்ளாது’ என்று வாய்மொழியாகச் சொல்வதால் பயனில்லை. மருந்தின் பெயர், உட்கொண்ட தேதி, எத்தனையாம் நாளில் தடிப்புத் தோன்றியது, எவ்வகைத் தடிப்பு ஆகிய நான்கையும் டாக்டரைக்கொண்டே ஒரு சீட்டில் எழுதி வாங்கி, சங்கப் பாஸ்புத்தகத்தைப் போலப் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வாத மருந்தை மறுமுறை கொடுத்தால் முன்னிலும் கடுமையாக வரக்கூடும். ஒவ்வும் மருந்தை ஒவ்வாதெனத் தள்ளினாலோ, வேண்டிய வேளையில் நல்ல மருந்தை இழக்க நேரும். இரண்டினின்றும் காப்பது அச்சிறு சீட்டேயாகும். அங்கத்தினர்கள் அதனைத் தம் இல்லத்தார்க்கும் காட்டி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.