இறுகிப்போன முழங்கைக்கு ஜெல் ஊசி போதுமா?

தை பிறந்தால் மரக்காணம் உப்பளங்களில் வேலை தொடங்கிவிடும். அதற்குள் கை மடங்கி நீளுமா என்று கிளியனூர்ப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி: ‘ஜெல் போட்டால் ஆபரேஷன் வேண்டாமாமே?’

இதில் இரண்டு ஜெல்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஒன்று, மூட்டுக்குள் ஊசியாகப் போடும் ஹயலுரோனிக் அமிலம். 1997-ல் அமெரிக்கா இதை அனுமதித்தது முழங்கால் தேய்மான வலிக்கு மட்டுமே. அடிபட்டுத் தேய்ந்த முழங்கைகளில் இதைப் போட்டு நெதர்லாந்து மருத்துவர்கள் 2006-ல் முடிவை வெளியிட்டார்கள்: ஆறு மாதத்தில் பலன் தெரியவில்லை. மற்றொன்று, அறுவை சிகிச்சையின்போதே உள்ளே பூசுவது. பிரித்த திசுக்கள் திரும்ப ஒட்டாமலிருக்கச் சில நாள் இடையில் நின்று கரைந்துவிடும். முன்பே ஒட்டியதை அது பிரிக்காது. ‘மூட்டுக்கு எண்ணெய் விடுகிறோம்’ என்ற விளம்பரம் இந்த வேறுபாட்டை மறைக்கிறது.

எண்ணெய் இல்லாததால் முழங்கை இறுகுவதில்லை. நல்ல முழங்கையின் மூட்டு உறை சுமார் 25 மில்லி திரவம் கொள்ளும். அடிபட்டதும் ரத்தமும் நீரும் நிரம்பி அழுத்தம் ஏறுகிறது. ஏறக்குறைய 80 பாகை மடக்கும்போதுதான் அழுத்தம் மிகக் குறைவு. அதனால் வலி தாங்காத கை தானாகவே அந்த நிலைக்கு வந்து நின்றுவிடும். அந்தச் சுகமே வினையாகிறது. காயத்தை ஆற்ற வந்த செல்கள், தசையைப் போலச் சுருங்கும் செல்களாக மாறி, உறையை அதே நிலையில் தடிக்கவைத்து இழுத்துவிடுகின்றன. கொள்ளளவு 6 மில்லி வரை குறைந்துபோகலாம். துவைத்துச் சுருங்கிய சட்டைக்கு எண்ணெய் தடவி அளவு கூட்ட முடியுமா?

எனவே அறுவை சிகிச்சையில் உறையை வெட்டி, தடுக்கும் எலும்பைச் செதுக்குகிறார்கள். அறுவை மேசையில் கிடைத்த மடக்கம் கையோடு தங்குவது அடுத்த நாளே தொடங்கும் பயிற்சியால்தான். என் கவலை இங்கேதான். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் சாலை விபத்தின் முதல் 48 மணி நேரத்துக்கு; முழங்கை இறுகுவதோ அடுத்துவரும் வாரங்களில். வீடு தேடி வரும் ‘மக்களைத் தேடி மருத்துவ’த் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை உண்டு, ஆனால் இந்தக் கைக்கு ஒரு நாளிலேயே பலமுறை பயிற்சி வேண்டும். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. இதைக் கணக்கில் எடுக்காமல் ‘இலவச சிகிச்சை’ என்பது பாதி உண்மை.

எவ்வளவு மடங்கினால் போதும்? அன்றாட வேலைகளுக்கு 30 முதல் 130 பாகை வரை என்பது 1981-ல் மோரே குழுவினர் அளந்த கணக்கு. உப்பு வாருபவருக்கு நீட்டல் இன்னும் கூடுதலாகத் தேவைப்படலாம்.

எண்ணெய் போட்டு அழுத்தி நீவலாமா? வேண்டாம், தசைக்குள் எலும்பு வளரக்கூடும்.

எப்போது அறுவை? பெரும்பாலும் சில மாதப் பயிற்சியும் கையில் கட்டும் பட்டையும் (ஸ்பிளின்ட்) பலிக்காதபோது.

மறுபடி இறுகுமா? இறுகலாம், பயிற்சியை விட்டால் இன்னும் எளிதாக.

சுண்டுவிரல் மரத்துப்போகிறதே? நரம்பு அழுந்துகிறதா என்று மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள்.