மகஜர் ஒன்று, கையொப்பம் பல: அயல் சபைகள் சேர்ந்து அரசிடம் கேட்கும் முறை

தெருவிளக்கு எரியாவிட்டாலும், வீதி குண்டும் குழியுமாய்க் கிடந்தாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் எங்கட பக்கத்தில் ஒரே பேச்சுத்தான்: “சபைக்குச் சொன்னாச் சரிதானே.” சொல்வதில் பிழையில்லை. ஆனால் எல்லாக் கதவுக்கும் திறப்பு சபையின் கையில் இல்லை.

மாங்கேணியையே எடுப்போம். எங்கள் ஊர், வாகரையில் இயங்கும் கோறளைப்பற்று வடக்குப் பிரதேச சபைக்குள் வருகிறது. உள்வீதி, சந்தை, குப்பை அகற்றல் போன்றவை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டப்படி சபையின் வேலை. ஊரை ஊடறுத்துப் போகும் மட்டக்களப்பு–திருகோணமலை ஏ15 வீதியோ வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியது. குழாய்நீருக்கு நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. உள்ளூராட்சி 13ஆவது திருத்தத்தின்படி மாகாண சபையின் விடயம்; ஆனால் கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பிறகு மாகாணம் ஆளுநரின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆகவே சபை கேட்க வேண்டிய இடங்கள் பல: ஆளுநர், கச்சேரி, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு, கொழும்பு அமைச்சு.

அங்கே ஒரு சபை தனியாகப் போனால் என்ன நடக்கும்? மட்டக்களப்பு மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, காத்தான்குடி, ஏறாவூர் என இரண்டு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள், ஆக 12 சபைகள் உள்ளன. பன்னிரண்டும் பன்னிரண்டு மகஜர் கொடுத்தால், செல்வாக்குள்ள அரசியல்வாதியின் ஊருக்கு ஒன்று கிடைக்கும்; மற்றவை கோப்பில் தூங்கும். கிடைத்ததும் உரிமையாக வராது, உபகாரமாக வரும். அடுத்த தேர்தலில் அதற்கு நன்றிக்கடனும் கேட்பார்கள்.

முகத்துவாரம் வெட்டும் பிரச்சினையைப் பாருங்கள். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். அது ஒரு சபையின் எல்லைக்குள் அடங்குவதில்லை. மாரியில் வெள்ளம் ஏறினால் தாழ்நில விவசாயி, “முகத்துவாரத்தை வெட்டுங்க, வயல் அழுகுது” என்பார். வாவியை நம்பிய மீனவரோ, நேரத்துக்கு முந்தி வெட்டினால் மீனும் இறாலும் போய்விடும் என்று தடுப்பார். இரு தரப்பும் தனித்தனியே கச்சேரிக்குப் போனால், யார் சத்தம் பெரிதோ அவர் வெல்வார். கரையோரச் சபைகள் விவசாய அமைப்புகளையும் மீனவர் சங்கங்களையும் முதலில் தங்களுக்குள் இருத்திப் பேசி, ‘நீர்மட்டம் இந்த அளவுக்கு வந்தால் வெட்டலாம்’ என்று ஓர் அளவுக்கு உடன்பட்டு, அதையே எல்லோரும் கேட்டால் கதை வேறு. அப்போது அரசுக்கு மிஞ்சுவது ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ மட்டுமே. பள்ளிவாசல் மசூராவில் நாம் பழகியதும் இதுதானே: உள்ளே வாதாடு, வெளியே ஒரே சொல் சொல்.

உடன்பாடு இல்லாமல் போனதன் விலையைக் கல்முனையில் காணலாம். சாய்ந்தமருது தனிச் சபை கேட்டது. பிரிப்பதானால் நான்காகப் பிரியுங்கள் என்றார்கள் கல்முனை முஸ்லிம்கள். தமிழர்கள் வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கேட்டார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் நியாயம் இருந்தது. கூட்டுக் கோரிக்கைதான் இல்லை. 2020 பெப்ரவரியில் சாய்ந்தமருதுக்கு வர்த்தமானி வந்தது, சில நாட்களிலேயே அமைச்சரவை அதை நிறுத்தி வைத்தது. 2025 மே 6ஆம் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடந்தபோது, வழக்கில் சிக்கிய கல்முனை மாநகர சபைக்கு நடக்கவில்லை.

சேர்ந்து கேட்பது புதுமையுமல்ல. கலிபோர்னியாவின் நகரங்கள் 1898இலேயே ஒன்றியம் அமைத்து, மாநில அரசிடம் ஒரே குரலில் பேசத் தொடங்கின. இலங்கையிலும் உள்ளூராட்சி அதிகார சபைகளின் சம்மேளனம் உண்டு. ஆனால் நாடளாவிய அமைப்பு வாகரையின் குடிநீரைத் தேடி வராது. அதை அயல் சபைகள்தான் செய்ய வேண்டும்.

முறை எளிது. வாகரை, வாழைச்சேனை, ஓட்டமாவடிச் சபைகள் பொதுவான ஒரு விடயத்தைத் தெரிவு செய்யட்டும், ஒன்று போதும். மூன்று சபைகளும் மாதாந்த அமர்வில் ஒரே வாசகத்தில் தீர்மானம் நிறைவேற்றட்டும். பாதிக்கப்பட்ட குடும்பங்கள், செலவு மதிப்பீடு, படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பொறுப்பான கதவு எதுவென்று அறிந்து, மூன்று தவிசாளர்களும் ஒன்றாகப் போகட்டும். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் ஒருவர் எழுப்பினால் மற்ற இருவரும் வழிமொழியட்டும். பதில் கூட்டறிக்கையில் பதிவாகிறதா என்று அடுத்த கூட்டத்தில் பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. தமிழ், முஸ்லிம் ஊர்கள் மாறிமாறி அமைந்த பகுதி இது. எல்லைப் பிரச்சினையும் காணிப் பிரச்சினையும் உண்மையானவை. அவற்றுக்கு வேறு மேசை வேண்டும். அவற்றை இந்தக் கோப்புக்குள் கலந்தால் தண்ணீரும் வராது, எல்லையும் தீராது.

வாசகர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. உங்கட வட்டார உறுப்பினர் அடுத்த முறை, “தீர்மானம் போட்டாச்சு” என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: “பக்கத்துச் சபையும் போட்டிச்சா?”