பழம் பறிக்கப் போகலாம். பழி சுமக்கப் போகலாமா?

அம்பாங்கில் ஒரு திருமண வீடு. சாப்பாட்டுப் பந்தி முடிந்து கை கழுவ எழுந்தபோது, ஒரு தாயார் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஐயா, மகனுக்கு ஆஸ்திரேலியாவில பழம் பறிக்கிற வேலை கிடைச்சிருக்கு. ஏஜெண்டு எட்டாயிரம் வெள்ளி கேட்கிறாரு. நகையை அடகு வைக்கலாமான்னு பார்க்கிறேன்."

"என்ன விசாம்மா?"

"சுற்றுலா விசாவில போயிட்டு, அங்க போனதும் மாத்திக்கலாம்னு சொல்றாரு."

அந்த ஒரு பதிலிலேயே மொத்தக் கதையும் இருக்கிறது. இது ஒரு வீட்டுக் கதையல்ல. கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ், அம்பாங் என்று நம்மவர்கள் வாழும் இடமெல்லாம் காதில் விழுகிற கதைதான். ஆகவே இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

வேலை உண்மையா?

வேலை உண்மைதான். திராட்சை, ஆரஞ்சு, பாதாம், காய்கறி என ஒவ்வொன்றுக்கும் அறுவடைக் காலம் உண்டு. அந்தச் சில மாதங்களுக்கு மட்டும் ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்படும். உள்ளூர் ஆட்கள் போதாது. சம்பளமும் உண்மை. 2025 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவின் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. நிரந்தரமில்லாத வேலையாளுக்கு அதற்கு மேல் 25 விழுக்காடு சேர்த்துத் தர வேண்டும். இங்கே 2025-இல் உயர்த்தப்பட்ட குறைந்தபட்ச ஊதியம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. ஒப்பிட்டுப் பார்க்கிற இளைஞனுக்கு ஆசை வருவது இயல்பு. ஆசைப்படுவது குற்றமல்ல. எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பதே கேள்வி.

நமக்குத் திறந்திருக்கும் வாசல் எது?

ஆஸ்திரேலியா பருவகாலப் பண்ணை வேலைக்கென்றே முறையான ஒரு திட்டத்தை நடத்துகிறது. அது 9 பசிபிக் தீவு நாடுகளுக்கும் திமோர் லெஸ்தேவுக்கும் மட்டுமே. மலேசியா அதில் இல்லை.

மலேசியர்களுக்கு இருப்பது 'வேலையும் விடுமுறையும்' எனப்படும் 462-ஆம் வகை விசா. 18 முதல் 30 வயதுக்குள் இருக்க வேண்டும். அடிப்படை ஆங்கிலத் தேர்ச்சி வேண்டும். உயர்கல்வித் தகுதியோ, குறைந்தது இரண்டு ஆண்டு பல்கலைக்கழகப் படிப்போ வேண்டும். கையில் சேமிப்பும் காட்ட வேண்டும். ஆண்டுதோறும் இத்தனை பேர் என்று வரம்பும் உண்டு. கிடைத்தால் ஓராண்டு தங்கி, சட்டப்படி பண்ணையில் வேலை செய்யலாம். வட்டாரப் பகுதிகளில் மூன்று மாதம் குறிப்பிட்ட வேலைகளைச் செய்தவர், இரண்டாம் ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

இங்கேதான் கசப்பான உண்மை இருக்கிறது. எஸ்பிஎம்மோடு படிப்பை நிறுத்திய பிள்ளைக்கு இந்த வாசல் திறக்காது. பண்ணை வேலையைத் தேடி அதிகம் அலைவது அந்தப் பிள்ளைதான். அவன் முன்னால்தான் ஏஜெண்டு பின்வாசலைத் திறந்து காட்டுகிறார்.

பின்வாசலுக்குள் என்ன நடக்கிறது?

மலேசியக் கடப்பிதழ் இருந்தால் ஆஸ்திரேலியாவுக்கான மின்னியல் பயண அனுமதியைக் கைப்பேசியிலேயே விண்ணப்பித்துப் பெறலாம். அதன் சேவைக் கட்டணம் 20 டாலர்தான். ஒவ்வொரு முறையும் மூன்று மாதம் வரை தங்கலாம். ஆனால் வேலை செய்யக்கூடாது. எட்டாயிரம் வெள்ளி வாங்கும் ஏஜெண்டு, பல வேளைகளில் இந்த 20 டாலர் அனுமதியைத்தான் 'விசா' என்று கையில் கொடுக்கிறார்.

மூன்று மாதம் முடியும்போது அடுத்த வித்தை தொடங்கும். "ஒரு பாரத்தில் கையெழுத்துப் போடு, விசா மாறிவிடும்" என்பார்கள். அந்தப் பாரம் பெரும்பாலும் பாதுகாப்பு விசாவுக்கான விண்ணப்பம். சொந்த நாட்டில் கொடுமைக்கு ஆளாகி, உயிருக்குப் பயந்து வந்தவர்களுக்கான விசா அது. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும் வரை ஓர் இடைக்கால விசா கிடைக்கும். வழக்கு இழுக்க இழுக்க நாட்களும் ஓடும். 2016-17, 2017-18 ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்குள் இருந்தபடி இப்படி விண்ணப்பித்தவர்களில் மலேசியர்களே முதலிடத்தில் இருந்தார்கள். மிகப் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

கையெழுத்துப் போட்ட பிள்ளைக்குத் தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பதே தெரியாது. அவன் பெயரில் ஒரு பொய் பதிவாகிவிடுகிறது. உண்மையிலேயே உயிருக்குப் பயந்து ஓடி வந்தவரின் விண்ணப்பமும் இந்தப் பொய்களின் அடியில் காத்துக் கிடக்கிறது. விசா முடிந்து 28 நாட்களுக்கு மேல் அங்கே தங்கிவிட்டுத் திரும்பினால், மூன்று ஆண்டுகளுக்குப் பெரும்பாலான தற்காலிக விசாக்கள் கிடைப்பது கடினம்.

சம்பளம் கைக்கு வருமா?

அனுமதியில்லாமல் வேலை செய்பவனைப் பண்ணைக்காரர் பெரும்பாலும் நேரடியாகச் சேர்ப்பதில்லை. நடுவில் ஒரு காண்ட்ராக்டர் இருப்பார். தங்கும் அறைக்கு ஒரு பிடித்தம், வேனில் ஏற்றிப் போவதற்கு ஒரு பிடித்தம். கூடைக்கு இவ்வளவு என்ற கணக்கில் நாள் முழுக்க வெயிலில் நின்றாலும், பழம் குறைவாக இருந்தால் கூலியும் குறைவு. இந்தக் கொடுமை பெருகியதால்தான், 2022 ஏப்ரல் 28 முதல் கூடைக் கணக்கில் வேலை செய்பவருக்கும் மணிக்கணக்கில் ஒரு குறைந்தபட்ச ஊதியம் உண்டு என்று விதி மாற்றப்பட்டது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவருடைய விசா நிலை எதுவாக இருந்தாலும், உழைத்த ஊதியத்தைக் கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்று ஆஸ்திரேலியா 2023-இல் சட்டத்திலேயே தெளிவுபடுத்தியது. ஆனால் பிடிபடும் பயத்தில் இருப்பவன் போய்ப் புகார் கொடுப்பானா? அந்தப் பயம்தான் காண்ட்ராக்டரின் முதலீடு.

பாட்டனாருக்குக் கிடைத்தது பேரனுக்கு இல்லையா?

நாம் இந்த மண்ணுக்கு வந்த கதையை நினைத்துப் பாருங்கள். நம் முன்னோரும் ஒப்பந்தத்தின் பேரில் கடல் கடந்தவர்கள்தான். கப்பல் கூலியே கடனாகி அவர்களைத் தோட்டத்தில் கட்டிப் போட்டது. அந்த ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910-இல் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1907-இல், தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை அமைத்து, ஆட்களை அழைத்துவரும் செலவை முதலாளிகளே ஏற்கும்படி செய்தார்கள். கங்காணி முறையிலும் கொடுமைகள் இருந்தன. ஆனாலும் பயணச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டுவது தவறு என்பதை வெள்ளைக்காரன் ஆட்சியே அன்று ஒப்புக்கொண்டது.

இன்று பேரன் நகையை அடகு வைத்துப் போகிறான். முறையான விசாவில் போனாலும் கடன் கழுத்தை நெரிக்கும். 2022-இல் இந்தோனேசியாவிலிருந்து பிரிட்டனுக்குப் பருவகால வேலைக்குச் சென்றவர்களில் பலர், இடைத்தரகர்களுக்குக் கட்டிய ஆயிரக்கணக்கான பவுண்டு கடனில் சிக்கியது வெளிவந்தது. விசா சரியாக இருந்தும் அந்த நிலை!

போவதற்கு முன் கேட்க வேண்டியவை

முதலாவது, விசாவின் வகை எண் என்ன? அதில் வேலை செய்ய அனுமதி உண்டா? இதை ஏஜெண்டின் வாயால் அல்ல, ஆஸ்திரேலிய உள்துறையின் இணையத்தளத்தில் பாருங்கள்.

இரண்டாவது, ஏஜெண்டுக்கு உரிமம் உண்டா? 1981-ஆம் ஆண்டு தனியார் வேலைவாய்ப்பு முகவர் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். மனிதவள அமைச்சின் தொழிலாளர் துறையில் விசாரியுங்கள்.

மூன்றாவது, அங்கே வேலை தருவது யார்? குவீன்ஸ்லாந்து, விக்டோரியா மாநிலங்களில் ஆள் வழங்கும் காண்ட்ராக்டருக்கும் உரிமம் கட்டாயம். அந்தப் பட்டியலை யாரும் பார்க்கலாம்.

நான்காவது, சம்பளச் சீட்டு தருவார்களா? சம்பளம் கொடுத்த ஒரு வேலை நாளுக்குள் அது தரப்பட வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

ஐந்தாவது, புரியாத மொழியில் உள்ள எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போடாதே என்று பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள். கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்.

அந்தத் தாயாரிடம் இவ்வளவையும் சொன்னபோது அவர் கண் கலங்கினார். "அப்போ என் பிள்ளைக்கு வழியே இல்லையா ஐயா?" என்றார். இருக்கிறது அம்மா. அந்த எட்டாயிரம் வெள்ளியை மகன் ஒரு தொழில் கற்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மலேசியத் திறன் சான்றிதழ் பெற்ற கைக்கு இங்கேயும் மதிப்பு உண்டு. நாளை கடல் கடந்தாலும், தலை நிமிர்ந்து முன்வாசல் வழியாகப் போக அது துணை நிற்கும்.

ஏற்கெனவே போய்விட்ட பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், திட்டாதீர்கள். தொலைபேசியில் அழைத்து, "உன் விசாவில் என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லப்பா" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை வீட்டார் கேட்டால்தான், அவன் உண்மையைச் சொல்லத் துணிவான்.