விருந்தாளியா, தோழரா?

கடல் கடந்து போய், முன்பின் அறியாத நகரத்தில், குடிசைப் பகுதி மக்களுக்குத் தொண்டு செய்துவிட்டுத் திரும்பும் வழக்கம் இளைஞரிடையே பரவி வருகிறது. மேல்நாட்டுப் பிள்ளைகள் தொடங்கி வைத்த வழக்கம் இது. இன்று நம் நாட்டுப் பிள்ளைகள் சிலரும் புறப்படுகிறார்கள். தோளில் ஒரு பை, கையில் ஒரு பயணச் சீட்டு, துணைக்கு யாருமில்லை. நைரோபி என்கிறார்கள், ப்னோம் பென் என்கிறார்கள். இரண்டு வாரமோ இரண்டு மாதமோ தங்கி, குழந்தைகளுக்குப் பாடம் சொல்லி, சுவருக்குச் சாயம் பூசி, படமெடுத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்.

இதைக் கேலி பேசுவோர் உண்டு. நாம் கேலி பேசமாட்டோம். உலக நகரங்களின் குடிசைப் பகுதிகளில் நூறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள் என்று ஐக்கிய நாடுகள் அமைப்பு கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் புரண்டு படுத்து உறங்குகிறவரைவிட, எழுந்து புறப்படுகிறவர் மேலானவரே! ஆனால், தோழர்களே, புறப்பட்ட மனம் நல்ல மனம் என்பதால் செய்த காரியமும் நல்ல காரியம் ஆகிவிடுமா? அதைத்தான் நாம் கேட்கிறோம்.

பட்டறைத் தொழிலாளருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நேற்று வந்த பையனை மேஸ்திரி லேத்தின் பக்கம் விடுவாரா? முதலில் பெருக்கு, பிறகு கருவியை எடுத்துக் கொடு, பிறகு பார், அப்புறம் தொடு என்பார். ஓர் இரும்புத் துண்டுக்கே அவ்வளவு மரியாதை! மொழி தெரியாத, தொழில் பயிலாத ஒருவர் வந்த மறுநாளே குழந்தைகளுக்கு ஆசிரியராகலாம் என்றால், குடிசைக் குழந்தை அந்த இரும்பினும் மலிவானதா? வெளிநாட்டு இளைஞர் கையில் கரண்டியைப் பிடித்துச் சுவர் எழுப்புகிறார். அதே தெருவில் கொத்தனார் வேலையின்றி நிற்கிறார். இங்கே யாருக்கு யார் செய்கிற தொண்டு இது?

நல்ல மனத்தைச் சரக்காக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள். கம்போடியாவைப் பாருங்கள். 2005-க்கும் 2010-க்கும் இடையே அந்த நாட்டில் அநாதை இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் மடங்கு கூடியது. போர் வந்ததா? பெருநோய் வந்ததா? இல்லை. பயணிகள் வந்தார்கள்! அந்த இல்லங்களில் இருந்த குழந்தைகளில் நால்வரில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தனர் என்று யுனிசெப் நிறுவனம் எடுத்துக்காட்டியது. பள்ளிக்கூடம் உண்டு, சோறு உண்டு என்ற பேச்சை நம்பிப் பெற்றவர்கள் பிள்ளையை அனுப்பினார்கள். அந்தப் பிள்ளையைக் காட்டிக் காணிக்கை வாங்கினார்கள் இல்லம் நடத்தியவர்களில் பலர். வறுமை மறைந்தால் இவர்களது வருமானமும் மறையும். பிறகு எப்படி மறையவிடுவார்கள்? 2017-இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்து, இப்படிப் பிள்ளைகளை இல்லங்களுக்குக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. இரக்கத்தோடு போனவர் கொடுத்த பணம் எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

எச்சரிக்கை புதிதல்ல. கோடைதோறும் மெக்சிகோவுக்குத் தொண்டு செய்யப் போய்வந்த அமெரிக்க மாணவர்களின் மாநாட்டில், 1968 ஏப்ரலில், இவான் இல்லிச் என்னும் பாதிரியார் பேசினார். அழைத்தவர்கள் பாராட்டை எதிர்பார்த்திருக்கலாம். அவரோ, சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்வதாகச் சொல்லிக்கொண்டு வரவேண்டாம் என்ற பொருளில் முகத்துக்கு நேரே இடித்துரைத்தார்.

அவ்வளவு தூரம் நாம் போகமாட்டோம். போகவே கூடாது என்றால், நாட்டுக்கு நாடு மனிதன் மனிதனுக்கு உறவில்லை என்றாகிவிடும். தனியாகப் போய்ச் சரியாகத் தொண்டு செய்தவரும் உண்டு.

ஜாக் பிரெகர் என்பவர் 1930-இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பிறந்தார். வேல்ஸ் நாட்டில் பண்ணை வைத்துப் பாடுபட்டவர், ஏழைகளுக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்று தோன்றியதும் உடனே விமானம் ஏறவில்லை. பண்ணையை விட்டு டப்ளின் நகருக்குப் போய், வயது ஏறிய பின்னும் மாணவராக உட்கார்ந்து மருத்துவம் படித்தார். டாக்டரான பிறகே, 1972-இல், புதிதாய்ப் பிறந்திருந்த வங்காள தேசத்துக்குப் போனார். அங்கே குழந்தைகள் வெளிநாடுகளுக்குக் கடத்தப்படுவதாகக் குரல் எழுப்பினார். 1979-இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். சோர்ந்தாரா? கல்கத்தாவுக்கு வந்தார். நடைபாதையில் மருந்தை வைத்துக்கொண்டு, நடைபாதையில் கிடந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தார். ஆண்டுக் கணக்காக அங்கேயே இருந்தார். அந்த வேலை ‘கல்கத்தா ரெஸ்கியூ’ என்ற அமைப்பாக வளர்ந்தது. மருந்தகங்களும் பள்ளிகளும் எழுந்தன. அவற்றை நடத்தும் கைகள் அந்த நகரத்து மக்களின் கைகளாயின. முதுமையில் அவர் தாய்நாடு திரும்பினார். அவர் போனதால் மருந்தகம் மூடப்படவில்லை. அவர் செய்த தொண்டுக்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு பயணமும் உண்டு. இதில் போனவர் செல்வரல்ல, குடிசைவாசி. அதுவும் தமிழர்! கோலார் தங்கவயலில் பிறந்து, பிழைப்புத் தேடிப் பம்பாய் போய், தச்சு வேலை செய்த ஜோக்கின் அற்புதம் அவர். மான்குர்டில் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் வாழ்ந்தார். அங்கே குப்பை அள்ள நகராட்சி வரவில்லை. அற்புதம் மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. பிள்ளைகளைத் திரட்டினார், குப்பையைப் பொட்டலம் கட்டினார், நகராட்சி அலுவலகத்தின் முன்னாலேயே கொண்டுபோய்க் கொட்டச் செய்தார்! பக்கத்திலிருந்த அணு ஆராய்ச்சி நிலையத்துக்காக அந்தக் காலனி 1976-இல், நெருக்கடி நிலைக் காலத்தில், இடித்துத் தள்ளப்பட்டது. வீடு போயிற்று, அமைப்பு போகவில்லை. தேசியக் குடிசைவாசிகள் சம்மேளனத்தைக் கட்டினார்.

நிறவெறி ஆட்சி சரிந்துகொண்டிருந்த 1991-இல் அவர் தென்னாப்பிரிக்கா போனார். சோறு கொண்டுபோகவில்லை, துணி கொண்டுபோகவில்லை, அனுபவத்தைக் கொண்டுபோனார். எங்கள் நாடு விடுதலை பெற்றது, எங்கள் குடிசை குடிசையாகவே நின்றது. ஆட்சி மாறினால் வீடு தானே வரும் என்று காத்திராதீர்கள் என்பதே அங்குள்ள குடிசை மக்களுக்கு அவர் உரைத்த செய்தி. உங்கள் குடிசைகளை நீங்களே எண்ணிக் கணக்கெடுங்கள், பெண்கள் அன்றாடம் சிறுகச் சிறுகச் சேமியுங்கள், கணக்கோடு அதிகாரியின் முன் போய் நில்லுங்கள் என்று பம்பாய் நடைபாதைப் பெண்கள் கண்ட வழி அங்கே பரவியது. அங்கிருந்தோர் இங்கே வந்தனர், இங்கிருந்தோர் அங்கே போயினர். 1996-இல் அது குடிசைவாசிகளின் உலகக் கூட்டமைப்பாயிற்று. 2000-இல் அற்புதத்துக்கு மகசேசே விருது கிடைத்தது, 2018-இல் மறைந்தார்.

கம்போடியாவில் பயணி கொடுத்தார், குழந்தை வாங்கியது. தென்னாப்பிரிக்காவில் குடிசைவாசி குடிசைவாசியிடம் பேசினார், இருவரும் நிமிர்ந்தனர். கொடுப்பவரும் வாங்குபவரும் என்ற உறவு எத்தனை ஆண்டு நீடித்தாலும் அதில் ஒருவர் குனிந்தே நிற்க வேண்டும்!

ஆகவே, புறப்படும் இளைஞருக்கு நாம் தடை சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்கிறோம். உன்னை அழைத்தவர் யார்: அந்தத் தெரு மக்களா, கட்டணம் வாங்கும் தரகரா? அங்கே உனக்கு மேஸ்திரி யார்: அந்த ஊர்த் தொழிலாளியா, ஆசிரியையா, அல்லது நீயே எல்லாருக்கும் மேஸ்திரியா? நீ திரும்பிய மறுநாள் அங்கே எது நிற்கும்: ஓர் அமைப்பா, ஒரு புகைப்படமா?

மூன்றுக்கும் நேரான விடை இருந்தால், போய் வா தம்பி, போய் வா தங்கச்சி! அந்த ஊர் மொழியில் நாலு வார்த்தையாவது கற்றுக்கொண்டு போ. கை காட்டும் வேலையைச் செய். பேசுவதைவிட அதிகமாகக் கேள். விடை இல்லையென்றால், பயணச் செலவை மிச்சப்படுத்தி, உன் ஊரின் கால்வாய்க்கரைக் குடிசைக்கு நடந்தே போ. அங்கும் தண்ணீர்க் குழாயில்லை, அங்கும் பட்டா இல்லை, அங்கும் மழை வந்தால் உறக்கமில்லை. அங்கே மனு எழுதக் கற்றவன், குழாய் வரும்வரை மக்களோடு அலுவலகப் படியேறி இறங்கக் கற்றவன், எந்த நாட்டுக்குப் போனாலும் விருந்தாளியாக நிற்கமாட்டான், தோழனாகவே நிற்பான்!