முதலிடம் பிடித்தது யார் குரல்?

1962 நவம்பரில் அமெரிக்காவின் பில்போர்டு ‘ஹாட் 100’ பட்டியலில் இரண்டு வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு ‘ஹீஸ் எ ரெபல்’. இசைத்தட்டின் லேபிளில் ‘தி கிரிஸ்டல்ஸ்’ என்று அச்சாகியிருந்தது. கிரிஸ்டல்ஸ் நியூயார்க் பெண்கள் குழு. பாட்டு பதிவானதோ லாஸ் ஏஞ்சலிஸில், கோல்டு ஸ்டார் ஒலிப்பதிவுக்கூடத்தில். அன்று அந்தக் கூடத்தில் கிரிஸ்டல்ஸ் குழுவைச் சேர்ந்த ஒருவர்கூட இல்லை. பாடியவர் டார்லீன் ரைட் என்ற பெண். பின்னாளில் டார்லீன் லவ் என்று பெயர் பெற்றவர். கோரஸ் பாடியது அவருடைய ‘பிளாசம்ஸ்’ குழு. அறுபதுகளின் பாப் இசையைப் பாடகர்களின் பொற்காலம் என்று சொல்வது வழக்கம். அந்தக் காலத்துப் பாடல்களில் இருந்த குரல்வளத்தை நானும் மறுக்கவில்லை. ஆனால் முதலிடம் பிடித்த பாடல்கள் பலவற்றைக் கிட்டப்போய்ப் பார்த்தால், மகுடம் பெயருக்குச் சூட்டப்பட்டிருக்கிறது, குரலுக்கு அன்றைய கூலி கொடுத்துக் கணக்குத் தீர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு தயாரிப்பாளரின் தனிப்பட்ட அடாவடி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அந்தத் தொழிலே அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது.

‘ஹீஸ் எ ரெபல்’ கதையில் அவசரம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஜீன் பிட்னி எழுதிய அந்தப் பாட்டை லிபர்ட்டி நிறுவனம் விக்கி கார் என்ற பாடகியை வைத்து வெளியிடத் தயாராகிக்கொண்டிருந்தது. இது தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டருக்குத் தெரியும். தன்னுடைய ஃபில்லெஸ் நிறுவனம் முந்த வேண்டுமானால், நியூயார்க்கிலிருந்து பெண்களை வரவழைத்துக் காத்திருக்க நேரமில்லை. கையருகே கிடைத்த பாடகிகளைப் பாடவைத்து, தன் வசமிருந்த பெயரை லேபிளில் அச்சடித்தார். பாட்டை இன்று போட்டுக் கேட்டாலும் வேறுபாடு காதில் விழும். கிரிஸ்டல்ஸின் முந்தைய பாடல்களில் பார்பரா ஆல்ஸ்டனின் குரல் மென்மையாக, சற்றே தயங்கி வரும். இதில் ஒலிப்பது தேவாலயத்தில் பாடிப் பழகிய, அடித்தொண்டையிலிருந்து எழும் கனமான குரல். டார்லீன் ஒரு போதகரின் மகள். ஹால் பிளெய்னின் டிரம்ஸையும் ஸ்டீவ் டக்ளஸின் சாக்ஸபோனையும் மீறிக்கொண்டு அந்தக் குரல் முன்னால் வந்து நிற்கிறது. தங்கள் பெயரில் புதுப்பாட்டு வந்திருக்கும் செய்தியே கச்சேரிப் பயணத்தில் இருந்தபோது வானொலியைக் கேட்டுத்தான் தெரிந்தது என்று கிரிஸ்டல்ஸ் பெண்கள் பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். மேடையில் அந்தக் கனத்தைக் கொண்டுவர பார்பராவால் முடியவில்லை. குழுவில் இளையவரான லா லா புரூக்ஸ் பாட வேண்டியதாயிற்று. பாடியவருக்குப் பெயர் போயிற்று என்றால், பெயர் கிடைத்தவர்களுக்கு மானம் போயிற்று. அடுத்து டார்லீன் பாடிய ‘ஹீஸ் ஷ்யூர் தி பாய் ஐ லவ்’ பாட்டும் கிரிஸ்டல்ஸ் பெயரிலேயே வெளிவந்தது.

லேபிளில் பெயர் மாறியதால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கலாம். அமெரிக்காவில் அதுதான் பிழைப்பே. அந்நாட்டில் ஒரு பாட்டு வானொலியில் ஒலிபரப்பானால் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டி உண்டு, பாடியவருக்குக் கிடையாது. வழக்கமான ஏஎம், எஃப்எம் நிலையங்களைப் பொறுத்தவரை இன்றும் அதே நிலைதான். ஒலிப்பதிவுக்கென்று கூட்டாட்சிக் காப்புரிமை வந்ததே 1972 பிப்ரவரியில்தான். ஆக, அறுபதுகளில் ஒரு பாட்டு பத்தாயிரம் முறை ஒலித்தாலும், அந்த ஒலிபரப்புக்காகப் பாடகிக்கு ஒரு காசு வராது. அவருக்கு வருமானம் என்றால் கச்சேரிதான். கச்சேரிக்கு அழைப்பவர்கள் பெயரைப் பார்த்தே அழைப்பார்கள். பெயரைப் பறிப்பது அவருடைய அடுத்த இருபது ஆண்டுச் சம்பாத்தியத்தையும் சேர்த்துப் பறிப்பது.

அந்தப் பெயரும் பெரும்பாலும் பாடியவர்களின் கையில் இல்லை. ‘டிரிஃப்டர்ஸ்’ என்ற பெயர் மேலாளர் ஜார்ஜ் டிரெட்வெல்லிடம் இருந்தது. 1958-ல் அவர் குழுவினர் அனைவரையும் வெளியேற்றிவிட்டு, ‘ஃபைவ் கிரவுன்ஸ்’ என்ற வேறொரு குழுவுக்கு அதே பெயரைச் சூட்டினார். அதில் இருந்தவர் பென் ஈ. கிங். அவர் பாடிய ‘சேவ் தி லாஸ்ட் டான்ஸ் ஃபார் மீ’ 1960 அக்டோபரில் முதலிடம் பிடித்தபோது, சம்பளத் தகராறில் அவரும் குழுவை விட்டுப் போயிருந்தார். பெயர் நிலைத்தது, ஆட்கள் வந்தார்கள், போனார்கள்.

டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனத்தில் இது இன்னும் ஒழுங்காக, ஆண்டுக்கணக்கில் நடந்தது. பெரி கார்டி 1959-ல் தொடங்கிய அந்த நிறுவனம் கறுப்பினக் கலைஞர்களை அமெரிக்காவின் வீட்டுக்கூடங்களுக்குள் கொண்டுசென்றது. அந்தச் சாதனையைக் குறைத்துப் பேச நான் ஆயத்தமில்லை. ஆனால் அங்கே ‘ஆண்டன்டீஸ்’ என்று மூன்று பெண்கள் இருந்தார்கள்: ஜாக்கி ஹிக்ஸ், மார்லீன் பாரோ, லூவேன் டெம்ப்ஸ். மேரி வெல்ஸின் ‘மை கை’, ஃபோர் டாப்ஸின் ‘ரீச் அவுட் ஐ’ல் பி தேர்’ ஆகிய முதலிடப் பாடல்களின் பின்னணிக்குரல் அவர்களுடையது. எந்த உறையிலும் அவர்கள் பெயர் இல்லை. 1968-ல் ‘லவ் சைல்டு’ முதலிடம் பிடித்தது ‘டயானா ராஸ் அண்ட் தி சுப்ரீம்ஸ்’ என்ற பெயரில். டயானாவுக்குப் பின்னால் கேட்பது மற்ற இரு சுப்ரீம்ஸ் உறுப்பினர்களான மேரி வில்சன், சிண்டி பேர்ட்சாங்கின் குரல்கள் அல்ல, அங்கும் ஆண்டன்டீஸ்தான். அறுபதுகளின் கடைசி முதலிடப் பாட்டான ‘சம்டே வீ’ல் பி டுகெதர்’ 1969 டிசம்பர் இறுதியில் சுப்ரீம்ஸ் பெயரில் உச்சிக்கு வந்தது. அதிலும் மேரியும் சிண்டியும் பாடவில்லை. பின்னணி பாடியவர்கள் மேக்சின், ஜூலியா வாட்டர்ஸ் சகோதரிகள். பாடாத இருவரும் அந்தப் பாட்டுக்குத் தொலைக்காட்சியில் டயானாவோடு நின்றார்கள்.

இந்தக் கதையில் என்னால் எளிதில் கடந்துபோக முடியாத பெயர் ஃபுளோரன்ஸ் பல்லார்ட். 1961-ல் ‘பிரைமெட்ஸ்’ என்று இருந்த குழுவுக்குப் புதுப்பெயர் தேவைப்பட்டபோது, கொடுக்கப்பட்ட பட்டியலிலிருந்து ‘சுப்ரீம்ஸ்’ என்பதைத் தேர்ந்தவர் அவர். 1964 முதல் 1969 வரை அந்தப் பெயர் பன்னிரண்டு முறை முதலிடம் ஏறியது. அவர் இருந்த காலத்தில் மட்டும் பத்து. 1967-ல் அவர் நீக்கப்பட்டார். தனியாகப் பாடப் போனபோது, முன்னாள் சுப்ரீம்ஸ் உறுப்பினர் என்று விளம்பரத்தில் சொல்லிக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. விலகல் உடன்படிக்கை அப்படி எழுதப்பட்டிருந்தது. தானே தேர்ந்தெடுத்த பெயரை உச்சரிக்க ஒரு பாடகிக்குத் தடை! தனி இசைத்தட்டுகள் எடுபடவில்லை. வறுமையில் உழன்று, 1976 பிப்ரவரியில், 32 வயதில் இறந்தார்.

இந்தப் போக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1969 காட்டிவிட்டது. அவ்வாண்டின் முதன்மைப் பாட்டு என்று பில்போர்டு அறிவித்தது ‘சுகர், சுகர்’ பாட்டை. பாடியதாகச் சொல்லப்பட்ட ‘ஆர்ச்சீஸ்’ ஒரு கார்ட்டூன் குழு. உயிரோடு எவரும் இல்லை. உண்மையில் பாடியவர் ரான் டான்டே. அதே மாதங்களில் அவர் ‘கஃப் லிங்க்ஸ்’ என்ற இன்னொரு பெயரில் பாடிய ‘டிரேசி’ பாட்டும் முதல் பத்துக்குள் வந்தது. ஆர்ச்சீஸ் இசையை மேற்பார்த்தவர் டான் கிர்ஷ்னர். அதற்குமுன் அவர் ‘மங்கீஸ்’ குழுவுக்குப் பாட்டு வழங்கிக்கொண்டிருந்தார். அந்த நான்கு இளைஞர்களும் தங்கள் இசையைத் தாங்களே வாசிப்போம் என்று 1967 தொடக்கத்தில் மல்லுக்கட்டியதில் அவர் வெளியேற நேர்ந்தது. கார்ட்டூன் பாத்திரங்கள் மல்லுக்கட்டாது. ஆளே இல்லாத பெயர்தான் அந்தத் தொழிலுக்கு மிக வசதியான பாடகர்.

எதிர்வாதங்கள் வலுவானவை. முதலாவது, யாரையும் கழுத்தைப் பிடித்துப் பாடவைக்கவில்லை. பேசிய கூலி கொடுக்கப்பட்டது என்பது. இதில் உண்மை இருக்கிறது. பிளாசம்ஸ் பெண்கள் ஒலிப்பதிவு வேலையில் நன்றாகவே சம்பாதித்தார்கள். அதே 1962-ல் முதலிடம் பிடித்த ஷெல்லி ஃபாபரேயின் ‘ஜானி ஏஞ்சல்’ பாட்டிலும் பின்னணி அவர்களே; ‘ஷின்டிக்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாராவாரம் தோன்றினார்கள். லேபிளில் பெயர் அச்சான ரோனெட்ஸ் குழுவின் நிலை இதைவிட மோசம். ‘பி மை பேபி’ 1963-ல் இரண்டாம் இடம் வரை போனது. முன்பணமாகக் கிடைத்த சுமார் 15,000 டாலருக்குமேல் ராயல்டி என்று ஒரு சென்ட்கூட வரவில்லை என்பது நியூயார்க் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆனால் இந்தச் சான்று என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. பெயர் அச்சானவர்களுக்கே இந்தக் கதி என்றால், பெயரும் இல்லாதவர் எதைக் காட்டி வழக்குப் போடுவார்? கூலி பேசும்போது பாட்டு முதலிடத்துக்குப் போகும் என்று பாடியவருக்குத் தெரியாது. தன் குரலுக்கு வேறொருவர் பெயர் வரும் என்பதையும் சேர்த்துப் பேசினால்தானே அது சம்மதம்?

இரண்டாவது வாதம், அந்தப் பாடல்கள் தயாரிப்பாளரின் படைப்பு, குரல் அதில் பல கருவிகளில் ஒன்று என்பது. ஸ்பெக்டர் ஒரே கூடத்தில் பல கிதார்களையும் பியானோக்களையும் ஒன்றாக வாசிக்கவைத்து எழுப்பிய ஒலிச்சுவர் பெரிய சாதனைதான். ஆனால் குரல் மாற்றத்தக்கது என்று அவரே நம்பியிருந்தால், விடாமல் டார்லீனையே தேடிப் போயிருப்பாரா? குரலின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அதைத் தன் பிடியிலேயே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது, நம் வாசகர்களுக்கே தோன்றக்கூடியது: நம் சினிமாவில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடவில்லையா? பாடினார்கள். ஆனால் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடியவர் டி.எம்.சௌந்தரராஜன் என்று இசைத்தட்டில் அச்சிட்டு, வானொலியில் ஒவ்வொரு முறையும் அறிவித்தார்கள். பாடல் யாருடையது என்பதில் ஊரில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை. கடன் வாங்கிய குரலில் குற்றமில்லை. கடனை மறைத்ததுதான் குற்றம்.

டார்லீன் லவ் ராயல்டி கேட்டு ஸ்பெக்டர்மீது வழக்குத் தொடுத்து 1997-ல் இழப்பீடு பெற்றார். அதற்கு முன் பாட்டு வாய்ப்பின்றி வீட்டுவேலை செய்து பிழைத்த நாட்களும் அவருக்கு உண்டு. 2011-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர், அவர் பெயராகவே, சேர்ந்தது. பின்னணிப் பாடகர்களைப் பற்றிய ‘20 ஃபீட் ஃப்ரம் ஸ்டார்டம்’ ஆவணப்படத்தில் அவர் முக்கிய இடம் பெற்றார். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கியது. வானொலி ஒலிபரப்புக்குப் பாடியவருக்கும் பங்கு தர வேண்டும் என்ற மசோதா அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, நிறைவேறியபாடில்லை. இணையத்தில் ‘ஹீஸ் எ ரெபல்’ என்று தேடினால் இன்றும் கிரிஸ்டல்ஸ் என்றே வருகிறது. அதைக் கேட்கிறவர்களும், அறுபதுகளின் முதலிடப் பாடல்களைத் தொகுத்து எழுதுகிறவர்களும், வானொலியில் அறிவிக்கிறவர்களும் பாடியவர் டார்லீன் லவ் என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.